பன்னீர் திராட்சையோட பூர்வீகம் எது?

இந்த எபிசோடு ஒரு தள்ளுவண்டிகிட்ட ஆரம்பிக்குது.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப். ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் எல்லாம் வரிசையா வந்து ஆட்களை இறக்கிவிடுற நேரம். ரோட்டோரம் ஒரு அண்ணன் பன்னீர் திராட்சை விக்கிறார். அரைக்கிலோ வாங்கிட்டு ரூமுக்கு நடக்குறேன், போன்ல படம் வந்து விழுது. என் டீம்ல இருந்து ஆன்சைட் போன நண்பன், இங்கிலாந்துல சர்ரே மாவட்டத்துல இருக்கிற டென்பீஸ் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருக்கான். "மச்சி, தோட்டத்தைச் சுத்திக் காட்டி, சின்னச் சின்ன கிளாஸ்ல ஒயின் ஊத்தி ருசி பார்க்க வெச்சு, அதுக்குக் காசு வாங்குறாங்க. உங்க மாமா தோட்டத்துல நாம ஓசில சாப்பிட்டோமே!"

அவன் சிரிக்கத்தான் அனுப்பினான். எனக்குச் சிரிப்பு வரலை. என் மாமாவுக்குக் கம்பம் பள்ளத்தாக்குல, சுருளிப்பட்டி பக்கம் திராட்சைத் தோட்டம். அந்த வாரம்தான் அவர் போன் பண்ணி, "மாப்ள, பந்தலைப் பிரிச்சிடலாம்னு இருக்கேன்"னு சொல்லியிருந்தார். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, தாத்தா காலத்துல போட்ட பந்தல் அது.

சரி, இங்கிலாந்துல இது எப்ப ஆரம்பிச்சதுன்னு தேட உட்கார்ந்தேன். ரொம்பப் பழைய பாரம்பரியமா இருக்கும்னுதான் நினைச்சேன். 1086-ல எடுத்த டூம்ஸ்டே கணக்குல நாற்பதுக்கும் மேல திராட்சைத் தோட்டங்கள் இருக்கிறது உண்மைதான். ஆனா இப்ப நம்ம நண்பன் போட்டோ எடுக்குற தொழிலுக்கும் அதுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கு. சர் கய் சாலிஸ்பரி-ஜோன்ஸ்னு ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஜெனரல், ஹாம்ப்ஷயர்ல ஹாம்பில்டன் கிராமத்துல 1951-ல கொடி நட்டார். அதுதான் இந்தக் காலத்து வணிகத் தோட்டங்களுக்குத் தொடக்கம். டென்பீஸ் 1986-ல நட்டது. அந்த மண்ணு சுண்ணாம்பு மண்ணு, பிரான்ஸோட ஷாம்பெய்ன் பகுதியில இருக்கிற அதே வகை. 2015-ல டெத்தாங்ஜேங்கிற ஷாம்பெய்ன் கம்பெனியே கென்ட் மாவட்டத்துல நிலம் வாங்கிடுச்சு. அதாவது மக்களே, நாம "பாரம்பரியம்"னு நினைக்கிற இந்த டூர் தொழில் நம்ம அப்பா அம்மா வயசுதான்.

இதுக்கப்புறம் நான் பார்த்ததுதான் இந்த எபிசோடுக்கே காரணம். பன்னீர் திராட்சைக்கு உலகம் முழுக்க இருக்கிற பேரு மஸ்கட் ஹாம்பர்க். பேர்ல ஜெர்மன் ஊர் இருக்கு. ஆனா பிறந்தது இங்கிலாந்துல! பெட்ஃபர்ட்ஷயர்ல ரெஸ்ட் பார்க்னு ஒரு பிரபு மாளிகை. அங்கே ஏர்ல் டி கிரேகிட்ட தோட்டக்காரரா இருந்த ஸீவர்ட் ஸ்னோ, 1850-ஐ ஒட்டி உருவாக்கின ரகம் இது. 2003-ல இத்தாலிய ஆய்வாளர் மான்னா கிரெஸ்பன் டிஎன்ஏ பார்த்துப் பெற்றோரை உறுதி பண்ணாங்க. ஒருத்தர் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. அந்தப் பன்னீர் வாசனை இந்தப் பக்கத்துச் சொத்து. இன்னொருத்தர் ஸ்கியாவா க்ரோஸா, இங்கிலாந்துல பிளாக் ஹாம்பர்க்னு சொல்வாங்க.

அந்தக் குளிர் நாட்டுல திராட்சை எப்படி? கண்ணாடி வீடு. கண்ணாடி மேல இருந்த வரியை 1845-ல எடுத்தாங்க. அப்புறம் வசதியானவங்க வீட்டுல எல்லாம் கண்ணாடிக் கூடாரம், நிலக்கரி போட்டுச் சூடேத்தி உள்ளே திராட்சை. விருந்து மேஜையில ஒரு கொத்து வெச்சா அதுவே அந்தஸ்து. இதே கண்ணாடி வீடுகள் இன்னொன்னும் கொடுத்துச்சு. 1845-ல கென்ட் மாவட்டம் மார்கேட் ஊர்ல டக்கர்னு ஒரு தோட்டக்காரர் இலையில சாம்பல் பூத்த மாதிரி ஒரு நோயைப் பார்த்தார். ஐரோப்பாவுல அது தெரியவந்தது அப்பத்தான். அமெரிக்காவுல இருந்து வந்த பூஞ்சை, பின்னாடி பிரான்ஸ் தோட்டங்களையே படுத்திருச்சு. மாமா கந்தகத் தூள் வாங்கி அடிக்கிறாரே சாம்பல் நோய்க்கு, அதேதான்.

இப்ப கொஞ்சம் நம்ம தொழில் மூளையோட யோசிங்க. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. அப்ப வந்த செய்திகள்ல திரும்பத் திரும்ப ஒரு வரி: 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். ஆனா ரகமே பிறந்தது 1850-ஐ ஒட்டித்தானே? கோடு எழுதுறதுக்குப் பதினெட்டு வருஷம் முன்னாடியே டெப்ளாய் ஆன மாதிரி இருக்கு!

பாதிரியார் கதை பொய்னு நான் சொல்ல வரலை. கத்தோலிக்கப் பூசைக்குத் திராட்சை ரசம் கட்டாயம், அதனால பாதிரிமார்கள் போன இடமெல்லாம் கொடி நட்டுப் பார்த்திருக்காங்க. அவர் வேற ஏதோ ரகத்தைக் கொண்டுவந்திருக்கலாம், பின்னாடி மஸ்கட் ஹாம்பர்க் வந்து அந்த இடத்தையும் அந்தக் கதையையும் சேர்த்தே எடுத்துக்கிட்டிருக்கலாம். இது என் ஊகம். பள்ளத்தாக்குக்கு முல்லைப் பெரியாறு தண்ணி வந்ததே 1895-லதான் என்பதையும் மறந்துடக்கூடாது.

திராட்சையை விதை போட்டு வளர்க்கிறதில்லை, குச்சி வெட்டி நடுறாங்க. அதனால ஒரு ரகத்துக் கொடி எல்லாமே ஒரே செடியோட நகல். மாமா தோட்டத்துல தொங்குறதும் அந்தத் தோட்டக்காரர் வளர்த்த ஒரு நாத்தும் மரபணுவுல ஒண்ணுதான். என்ன, இங்கிலாந்துல கொடி பனிக்காலம் முழுக்கத் தூங்கும். கம்பத்துல நாம தூங்க விடுறதில்லை. கவாத்து பண்ணா அதுதான் அலாரம், துளிர்த்துப் பூத்து ஏறக்குறைய நாலு மாசத்துல கொத்து கைக்கு வந்துடும். அதனாலதான் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்துல அறுவடை நடந்துக்கிட்டே இருக்கு, சுங்குவார்சத்திரம் தள்ளுவண்டியும் காலியாகிறதில்லை.

நண்பன் அங்கே ருசி பார்த்தது என்ன ரகம்னு கேட்டேன். ஷார்டனே, பினோ நுவார். ரெண்டும் பிரெஞ்சுக்காரங்க ரகம்! இங்கிலாந்துலயே பிறந்த திராட்சையை அவன் ஊருக்கு வந்து எங்க மாமா பந்தலுக்குக் கீழேதான் தின்னிருக்கான். இன்னொரு விஷயம். லண்டன் பக்கத்துல ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில 1768-ல நட்ட ஒரே ஒரு கொடி இன்னும் காய்க்குது. அரண்மனைக்கு வர்றவங்க அதையும் போய்ப் பார்க்கிறாங்க, அதோட பழத்தை வாங்கிட்டும் போறாங்க. அது என்ன ரகம்? ஸ்கியாவா க்ரோஸா. நம்ம பன்னீர் திராட்சைக்குப் பெத்த உறவு. ரெஸ்ட் பார்க்குக்கும் டிக்கெட் எடுத்துப் போகலாம்.

அப்போ நம்ம ஊர்ல ஏன் இல்லை? மஹாராஷ்டிராவுல நாசிக்ல இருக்கு. ராஜீவ் சமந்த், ஸ்டான்ஃபோர்டுல எஞ்சினியரிங் படிச்சு, ஆரக்கிள்ல வேலை பார்த்து, அதை விட்டுட்டு வந்தவர் (எங்க ஆபீஸ்ல பாதிப் பேரோட கனவு). 2000-ல சுலா ஒயின் கடைக்கு வந்தது. அடுத்த வருஷமே அந்த மாநில அரசு திராட்சையில இருந்து ஒயின் செய்றதுக்குன்னு தனிக் கொள்கை போட்டது. 2005-ல தோட்டத்துலயே ருசி பார்க்கிற அறை திறந்தாங்க. இங்கே 2003-ல இருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில. அதோட பன்னீர் திராட்சை முக்கியமா சாப்பிடுற பழம். அதுல ஒயின் ஆகாதுன்னு இல்லை, சீனாவுலயும் கலிஃபோர்னியாவுலயும் செய்றாங்க. ஆனா மாமாகிட்ட போய் "ஒயின் போடுங்க"ன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்லை. அத்தை அடிப்பாங்க.

மாமாவோட கணக்கு வேற. மழை பெஞ்சு பழம் வெடிச்சா வியாபாரி வரமாட்டார். வந்தாலும், நான் இங்கே கொடுக்கிற விலையில பாதிகூட அவர் கைக்குப் போறதில்லை. மருந்து, ஆள் கூலி, கம்பி எல்லாம் ஏறிடுச்சு. அதை நான் வரலாறு பேசி இறக்க முடியாது.

போன ஞாயித்துக்கிழமை இந்தக் கதை முழுக்க அவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சுருளி அருவிக்கு வர்ற வண்டிக்காரங்க பந்தலுக்குள்ள வந்து போட்டோ எடுக்கிறாங்க மாப்ள. நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் காசு கேட்டதில்லை"ன்னார். அப்புறம், "கேட்டா தப்பா?"

தப்பில்லை மாமான்னேன். ஒரு போர்டு எழுதணும்னு சொல்லியிருக்கார், அந்த வெள்ளைக்காரத் தோட்டக்காரர் பேரோட. எழுத்துப்பிழை இல்லாம ஸீவர்ட் ஸ்னோன்னு டைப் பண்ணி நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். இந்த முறை கவாத்தும் பண்ணிட்டாராம்.