முத்திரையும் முகவரியும்: வீட்டு ரௌட்டரில் விபிஎன் திணறிய கதை

வீட்டில் பிராட்பேண்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. யூடியூப் வருகிறது, வங்கித் தளம் திறக்கிறது. அலுவலக விபிஎன் மட்டும் மக்கர் செய்கிறது. இணைய நிறுவனத்தைக் கேட்டால் "ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் பண்ணுங்க" என்பார்கள். அலுவலகத்தில் கேட்டால் "எங்க பக்கம் எல்லாம் சரி" என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்! இந்தத் தகராறுக்கு முப்பது ஆண்டு வரலாறு உண்டு. பி.காம். படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? அடிப்படையில் இது ஒரு பதிவேட்டின் கதை. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

ஐபி முகவரி என்பது 32 பிட் எண். மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். இவை தீர்ந்துவிடும் என்ற கவலை 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1994 மே மாதம் எகெவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் 'நாட்' என்ற முறையை ஆவணமாக வெளியிட்டார்கள். 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரிகள் இன்றுள்ள வடிவில் 1996இல் வரையறுக்கப்பட்டன.

நாட் செய்வது அடுக்குமாடி வாட்ச்மேன் வேலை. உள்ளிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்திலும் அனுப்புநர் முகவரியை அடித்துவிட்டு, கட்டிடத்தின் பொது முகவரியை எழுதுவார். எந்த வீட்டுக் கடிதம் என்பதை போர்ட் எண்ணோடு பதிவேட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்தால் பதிவேட்டைப் பார்த்து உரிய வீட்டில் சேர்ப்பார்.

இதே காலத்தில், 1995 ஆகஸ்டில், ஐபிசெக் என்ற பாதுகாப்பு முறை வெளியானது. அதன் நோக்கம் நேர் எதிரானது: வழியில் யாரும் கடிதத்தைத் தொடவில்லை என்று உறுதி செய்வது. அதன் ஏஎச் என்ற பிரிவு அனுப்புநர் முகவரிக்கும் சேர்த்து முத்திரை வைக்கும். நாட் முகவரியை மாற்றினால் முத்திரை உடைந்ததாகக் கருதி, மறுமுனை அதைத் தூக்கிப்போடும். இஎஸ்பி என்ற பிரிவு வெளி முகவரியை முத்திரையிடாது. ஆனால் போர்ட் எண்களை மறைத்துவிடும். பதிவேட்டில் எதைக் குறிப்பது? வாட்ச்மேன் விழித்தார்.

1996இல் விண்டோஸ் என்டி 4.0 உடன் வந்த பிபிடிபி வேறு விதம். பேச்சுவார்த்தை டிசிபி 1723 போர்ட்டில். சரக்கு ஜிஆர்இ என்ற தனி வழியில். ஜிஆர்இக்குப் போர்ட் எண்ணே கிடையாது. அதனால் முதல் தொடர்பு கிடைக்கும். பயனர் பெயரைச் சரிபார்க்கும் கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். கடவுச்சொல்தான் தவறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடித்தவர்கள் ஏராளம்.

ரௌட்டர் நிறுவனங்கள் 'விபிஎன் பாஸ்த்ரூ' என்று ஒட்டுப்போட்டன. ஒருவர் இணைந்தால் வேலை செய்யும். அதே வீட்டிலிருந்து இரண்டாமவர் அதே அலுவலகத்துக்கு இணைந்தால் பல ரௌட்டர்களில் குழப்பம்தான். சரியான தீர்வு 2005 ஜனவரியில் தரமாக வந்தது. முத்திரையிட்ட உறையை இன்னொரு சாதாரண உறையில், அதாவது யுடிபி 4500 போர்ட்டில், போட்டு அனுப்புவதுதான் அது. வாட்ச்மேன் வெளி உறையை மட்டும் மாற்றுவார். உள் முத்திரை அப்படியே இருக்கும். 2001இல் வந்த ஓபன்விபிஎன், 2020இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த வயர்கார்டு ஆகியவை முதலிலிருந்தே யுடிபியில் ஓடக்கூடியவை. பிபிடிபியின் கடவுச்சொல் பாதுகாப்பு உடைக்கக்கூடியது என்று 2012இல் செய்து காட்டப்பட்டது. 2016இல் ஆப்பிள் அதைக் கைவிட்டது.

இந்த வரலாறு தெரிந்தால் எங்கே தேடுவது என்று தெரியும். முதலில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கே இணைந்தால் சந்தேகம் வீட்டு ரௌட்டர் அல்லது அந்த இணைப்பின் மேல். ஐபிசெக் என்றால் யுடிபி 500, 4500 இரண்டும் வெளியே போகின்றனவா? சும்மா இருக்கும்போது அறுந்தால், பதிவேட்டு வரி காலாவதியாகி அழிந்திருக்கலாம். 'கீப்அலைவ்' வசதியை இயக்குங்கள். வயர்கார்டுக்கு 25 விநாடி போதும். இணைந்தும் அலுவலகக் கோப்பு திறக்கவில்லையா? இரு பக்கமும் 192.168.1 என்றே இருக்கலாம்; வீட்டு எண்ணை மாற்றுங்கள். சின்னச் செய்தி போய்ப் பெரிய கோப்பு நின்றால் எம்டியு அளவைக் குறையுங்கள். பிபிபிஓஇ இணைப்பில் அது 1500 அல்ல, 1492. அதிலும் விபிஎன் உறைக்கு இடம் விட வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, விபிஎன் ஏறாத நாள் பலருக்கு வேலை நடக்காத நாள். அவசரத்தில் ஃபயர்வாலையே அணைத்துவிடுவது ஆபத்து. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் கதவைத் திறந்து வைப்பது போல. குறையைச் சொல்லும்போது "விபிஎன் வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வகை விபிஎன், எந்தக் கட்டத்தில் நிற்கிறது, ஹாட்ஸ்பாட்டில் வருகிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் ரௌட்டரை ஆஃப் செய்யச் சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார்.