ஞாயிறு லீவில்லாத காலம்



பாடசாலைக் கூட்டத்தை 'மாதாமாதம் 2ஆவது புதன்' என்று போனில் ஒரே தடவையாகப் போட்டு வைத்திருந்தேன். இம்முறை அது போயாவில் விழுந்துவிட்டது. பூட்டிய கேற்றைப் பார்த்துத் திரும்பிய பெற்றோர் மன்னிக்க வேண்டும்.

விசயம் கேட்டு வாப்பா சிரித்தார். "1966இல இந்தப் போன் இருந்திருந்தா அதுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்."

உண்மைதான். அந்த ஆண்டு டட்லி சேனநாயக்க அரசு சனி, ஞாயிறு லீவை நீக்கி, நான்கு போயாக்களையும் அவற்றின் முந்திய நாட்களையும் லீவாக்கியது. அமாவாசை, பௌர்ணமி, இடையில் இரண்டு அரைப்பிறை. பிறைச் சுற்று சுமார் 29.53 நாள், நான்காகப் பிரித்தால் 7.38. ஆகவே ஒரு கிழமை ஏழு நாள், இன்னொன்று எட்டு நாள். திங்கள், செவ்வாய் என்ற பெயர்கள் இருந்தன. எது வேலைநாள் என்பதைக் கலண்டரைப் பார்த்தால்தான் தெரியும். கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு ஆராதனை வேலைநாளில் வந்தது. எங்கள் ஜும்ஆவோ எப்போதும்போல ஏழு நாளுக்கொரு தரம். அது சிலவேளை லீவில், பலவேளை வேலைக்கு நடுவில். வெளிநாட்டு வங்கிகளோடும் கம்பனிகளோடும் நாள் ஒத்துப்போகாததும் பெரிய தொல்லை.

1971இல் சனி, ஞாயிறு திரும்பி வந்தன. பௌர்ணமிப் போயா மட்டும் லீவாக நின்றது. அதுவும் எந்தக் கிழமையிலும் வரும், எந்தத் திகதியிலும் வரும். 'மாதாமாதம்' என்ற கட்டளைக்குள் அது அடங்காது.

இப்போது அரசாங்க லீவுப் பட்டியலைப் பார்த்து, மோதும் நாளை மட்டும் 'இந்த நிகழ்வு மட்டும்' என்று அழுத்தி மாற்றியிருக்கிறேன். முழுத் தொடரையும் அழித்துவிடாதீர்கள், நான் ஒருதரம் அழித்தேன்.

கூட்டம் அடுத்த புதன், பின்னேரம் 3 மணி.