கேதம் சொன்னவர்கள்

கரிசக்காட்டில் ஒரு சாவு விழுந்தால் அது ஊர் ஊராகப் போய்ச் சேரவேண்டும். பெண் கொடுத்த ஊருக்கு, பெண் எடுத்த ஊருக்கு, பங்காளி வீட்டுக்கு. தந்தி இருந்த காலத்திலும் அது தூரத்துச் சாவுக்கும் காசுள்ள சாவுக்கும்தான். மற்றபடி கேதம் சொல்லப் போனது எங்கள் பக்கம் சக்கிலியக்குடி ஆள். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று வெயிலிலும் மழைச் சகதியிலும் நடந்த கால்கள் அவை. மழை பெய்த கரிசலில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அடிக்கும் காலில் மண் அப்பிக்கொண்டே வரும்.

அந்த வேலையைச் செய்த கடைசித் தலைமுறை இப்போது செத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் கொரோனாவுக்குப் பிறகு அந்த வயசுக்காரர்கள் வரிசையாகப் போய்விட்டார்கள். பெரியப்பா போனார். அவர் கூடப்பிறந்த அத்தையும் போனாள். இருவருமே எழுதப்படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள் செய்த வேலையையும், அதைவிட முக்கியமாகச் செய்ய மறுத்த வேலையையும் நாம்தான் எழுதவேண்டியிருக்கிறது.

கேதம் சொல்வது என்றால் ஓடிப்போய்ச் சேதி சொல்லிவிட்டு வருவது என்று நினைக்கிறோம். பெரியப்பா சொல்லுவார்: "செத்தது யாருன்னு சொன்னாப் போதாதுப்பா. எந்த வீட்டுக்கு மொதல்ல சொல்லணும், எந்த வீட்டுக்கு அப்புறம் சொல்லணும்னு இருக்கு. மாத்திச் சொல்லிட்டா சம்பந்தக்காரன் கோவிச்சுக்கிருவான். அடி நமக்கு விழும்." எந்தச் சம்சாரி வீட்டுப் பெண் எந்த ஊரில் வாக்கப்பட்டாள், எந்தப் பங்காளிக்கும் எந்தப் பங்காளிக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ரெண்டாந்தாரத்துப் பிள்ளைகள் யார், எல்லாம் அவருக்கு அத்துபடி. ஊரில் பாதி வீடுகளின் நாலு தலைமுறைக் கொடிவழி ஒரு பகடையின் மண்டைக்குள் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே அவ்வளவு தெரியாது. அவரைவிட முப்பது வயசு இளையவனும் அவரை "ஏலே" என்றுதான் கூப்பிட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அதே பெரியப்பாவிடம் ஒருநாள், அவருடைய தாத்தாவுக்கு அப்பா பேர் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. "அது எதுக்குப்பா, சொத்தா பிரிக்கப் போறோம்?" என்றார். வம்சாவளி என்பது மண்ணோடு ஒட்டிக்கொண்டு வருவது என்பதைப் பெரிய ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு ஒரு வரி போதுமாயிருந்தது.

இதற்கெல்லாம் தனிக்கூலி கிடையாது. போன இடத்தில் வாசலுக்கு வெளியே நின்று குடிக்கிற கஞ்சி, கொஞ்சம் கம்பு அல்லது சோளம், வழிச்செலவுக்குச் சில்லறை. களத்தில் வருசத்துக்கு ஒருமுறை அளக்கிற தானியத்தில் எல்லாம் அடக்கம். செருப்புத் தைப்பது, கமலைக்குத் தோல் வால் தைப்பது, செத்த மாட்டைத் தூக்குவது, கொட்டு அடிப்பது, குழி வெட்டுவது, கேதம் சொல்வது. கமலை போய்க் கரண்டு மோட்டார் வந்ததும் தோல் வேலை போயிற்று. களத்து அளவையும் குறைந்தது. சாவு வேலை மட்டும் குறையவில்லை.

செல்போன் வந்ததால் கேதம் சொல்வது நின்றுபோனது என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் அது நின்றது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது ஊரிலேயே ரெண்டு வீட்டில்தான் போன் இருந்தது. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டுக் கூட்டங்களுக்குப் போய்வந்த இளவட்டங்கள் கூடி, இனிக் கொட்டு இல்லை, கேதம் இல்லை, குழி இல்லை என்று முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தது இளவட்டம், விலை கொடுத்தது பெரியப்பா வயசுக்காரர்கள். காட்டு வேலைக்குக் கூப்பிடவில்லை. வரப்பில் புல் அறுக்க விடவில்லை. கடையில் கடன் நின்றது. பெரியப்பா விளாத்திகுளம் பக்கம் போய் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போட்டார். ஒரு வருசத்துக்கு மேல் அங்கேயே புகைக்குள் கிடந்தார். அந்த இருமல் கடைசிவரை இருந்தது.

1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக நொறுக்கியது. அடிபட்டது பள்ளர் ஊர். பயம் சுற்றுவட்டாரத்துச் சேரி எல்லாவற்றுக்கும் வந்தது. அந்தச் சமயம் பார்த்து ஊர்ப் பெரியமனுசர்கள் "இனியாவது பழையபடி இருந்துக்கங்க" என்று சொல்லியனுப்பினார்கள். பெரியப்பா போகவில்லை.

சட்டத்தையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டபோது, செத்த மாட்டை அப்புறப்படுத்தவும் தோலுரிக்கவும் கட்டாயப்படுத்துவது குற்றமானது. பிணம் தூக்க வைப்பதும் குழி வெட்ட வைப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வெளிப்படையாக ஏறியது 2015 திருத்தத்தில். பெயர் தெரியாத எத்தனையோ பெரியப்பாக்கள் அதற்கு இருபது இருபத்தைந்து வருசம் முன்பே குழி வெட்டும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

பறையைப் பற்றி நம் தோழர்களுக்குள் ரொம்ப நாளாக வாதம் நடக்கிறது. விட்டுவிட வேண்டிய இழிவு என்று ஒரு பக்கம், விடுதலையின் இசை என்று ஒரு பக்கம். ரெண்டிலும் நியாயம் உண்டு. ஒரு கலை இரவில் பிள்ளைகள் காலில் சலங்கை கட்டிப் பறை அடித்து ஆடியதைப் பெரியப்பா கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். அப்புறம், "நல்லாத்தான் அடிக்காங்க. யாரு செத்தது?" என்று கேட்டார். சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அத்தையின் கதை வேறு. அவள் வயசு ரேசன் கார்டில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று. ஆதாரில் ஜனவரி 1. பிறந்த தேதி தெரியாத ஜனங்கள் எல்லாருக்கும் சர்க்கார் ஒரே நாளில் பிறந்தநாள் வைத்திருக்கிறது. அத்தையின் கணக்கு வேறு: "முதுகுளத்தூர்க் கலவரத்தப்ப நான் சமைஞ்சு வீட்டுல இருந்தேன்." இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டது 1957 செப்டம்பர் 11. அதை வைத்து அத்தை 1944 வாக்கில் பிறந்திருப்பாள் என்று நாங்களாகக் கணக்குப் போட்டோம்.

எட்டு வயசில் தீப்பெட்டியாபீசுக்கு நடந்து போனவள். குச்சி அடுக்கினாள், பெட்டி ஒட்டினாள், குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தபோது அவளுடைய கடைசி மகள் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சிவகாசி வழக்கில் தீர்ப்புச் சொன்னது: பிள்ளைகளை வேலைக்கு வைக்கும் முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும். அன்றைக்கு மூத்த மகள் வயிற்றுப் பேத்தி திண்ணையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆபீசுக்குள் இருந்த வேலை வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தப் பேத்தியோடு அது நின்றது. அதற்காக அத்தை மகள்களோடு போட்ட சண்டை தெருவுக்கே தெரியும்.

அத்தை நன்றாக ஒப்பாரி வைப்பாள். ஒருமுறை டவுனிலிருந்து படித்தவர்கள் ஒப்பாரி பதிவு பண்ண டேப்போடு வந்தார்கள். மற்ற பொம்பளைகள் பாடினார்கள். அத்தை வாய் திறக்கவில்லை. அப்புறம் எங்களிடம் சொன்னாள்: "பெரிய வீட்டுல காப்பி குடிச்சிட்டு வந்திருக்காக. அவுகளுக்கு எதச் சொல்ல, எத விட?"

அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை அரசு ஆள் அனுப்பி, அடிமைகளாக இருந்து உயிரோடு மிஞ்சிய கிழவர் கிழவிகளிடம் வாக்குமூலம் வாங்கியது. ரெண்டாயிரத்துக்கும் அதிகம். பெரிய காரியம்தான். ஆனால் கேட்கப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். முன்னாள் எசமானின் ஊர்க்காரரிடம் ஒரு கறுப்புக் கிழவி எவ்வளவு சொல்லுவாள்? அதனால் அந்த வாக்குமூலங்களைச் சொன்னதைவிட விட்டதைத் தேடிப் படிக்கிறார்கள். அத்தை கேட்டதும் இதைத்தான்.

நம் பக்கம் எழுத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் பிறந்த பூமணி 1979லேயே 'பிறகு' நாவலில் அழகிரியை நிறுத்திவிட்டார். பெரியப்பா தைத்த தோலின் வாடை அதில் இருக்கிறது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. புதுச்சேரிப் பக்கத்து வீரம்மாவின் வாழ்க்கை அவர் வாயாலேயே சொல்லப்பட்டு 1995இல் பிரெஞ்சில் புத்தகமானது. 2021 மே மாதம் கி.ரா. இறந்தபோது இடைசெவலில் அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடந்தது. கரிசல் மண்ணில் ஒரு எழுத்தாளனுக்குக் கிடைத்த அந்த மரியாதை நியாயமானது, அதில் எனக்குப் புகைச்சல் இல்லை. அதே மே மாதத்தில் ஊர் ஊராகக் கொரோனாப் பிணங்களைத் தூக்கிப்போட யார் நின்றார்கள் என்று மட்டும் விசாரித்துப் பாருங்கள்.

பெரியப்பா சொன்ன ஊர்களையும் வீடுகளையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். முக்கால்வாசி மற்றவர்களின் வம்சம். எங்களுடையது ஒன்றரைப் பக்கம், அதிலும் பொம்பளைகள் பெயர் பாதிக்கு மேல் விட்டுப்போயிருக்கிறது. அத்தைக்குத் தெரிந்திருக்கும், அவளிடம் கேட்குமுன் போய்விட்டாள். அவளோடு குச்சி அடுக்கியவர்கள் தெருவில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருத்திக்குக் காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்டால் சொல்லுகிறாள்.