த சிம்ப்சன்ஸ் தொடரின் தொடர் நகைச்சுவைகள்

த சிம்ப்சன்ஸ் என்பது மேட் கிரேனிங் உருவாக்கிய அமெரிக்க அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடராகும். 1987 இல் டிரேசி உல்மன் நிகழ்ச்சியில் குறும்படங்களாக அறிமுகமாகி, 1989 திசம்பர் 17 முதல் ஃபாக்ஸ் அலைவரிசையில் தனித் தொடராக ஒளிபரப்பாகிறது. மீண்டும் மீண்டும் வரும் நகைச்சுவைகளும் பண்பாட்டுக் குறிப்புகளும் இதன் சிறப்பியல்புகளாகும்.

தொடக்கக் காட்சி

பள்ளியில் தண்டனையாகப் பார்ட் கரும்பலகையில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவான். இறுதியில் குடும்பத்தினர் சோபாவை நோக்கி ஓடி வருவர். அவ்வாக்கியமும் சோபாக் காட்சியும் அத்தியாயத்திற்கு அத்தியாயம் மாறுபடும். அத்தியாயத்தின் நீளத்திற்கேற்பச் சோபாக் காட்சி கூட்டியோ குறைத்தோ அமைக்கப்படுவதுண்டு. 2013 அக்டோபரில் ஆசிரியை எட்னா கிராபாப்பலுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலசு காலமானபோது, பார்ட் கரும்பலகையில் அவரது பிரிவைக் குறித்து ஒரே ஒரு வரியை மட்டும் எழுதினான். இவ்வாறு கேலிக்குரிய காட்சியே அஞ்சலியாயிற்று.

வழக்கமான நகைச்சுவைகள்

* ஹோமரின் "டோ!" என்னும் சலிப்பொலி: திரைக்கதையில் இது "எரிச்சல் முனகல்" என்றே குறிக்கப்படும். குரல் நடிகர் டான் காசுட்டலனெட்டா, லாரல்-ஹார்டி படங்களில் நடித்த ஜேம்ஸ் பின்லேசனைப் பின்பற்றி இதனை அமைத்தார். 2001 இல் ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியில் இச்சொல் சேர்க்கப்பட்டது.
* குறும்புத் தொலைபேசி அழைப்பு: உரக்கச் சொன்னால் வேறு பொருள் தரும் பெயரைக் கூறி, அவரை அழைக்குமாறு மதுக்கடைக்காரர் மோவைப் பார்ட் ஏமாற்றுவான்.
* ஸ்பிரிங்ஃபீல்டு நகர் எந்த மாநிலத்தில் உள்ளது என்பது வெளிப்படுத்தப்படுவதில்லை.

பண்பாட்டுக் குறிப்புகள்

1990 இல் வெளியான முதல் ஹாலோவீன் சிறப்பு அத்தியாயத்தில் எட்கர் ஆலன் போவின் கவிதையொன்று காட்சியாக்கப்பட்டது. 1993 ஆம் ஆண்டின் "ரோசுபட்" அத்தியாயம் சிட்டிசன் கேன் (1941) திரைப்படத்தைத் தழுவியது. செல்வந்தர் பர்ன்ஸ் தம் குழந்தைப் பருவக் கரடிப் பொம்மையைத் தேடுவதே கதை.

விமர்சனம்

இந்தியக் கடைக்காரர் அபுவின் பெயர் சத்யஜித் ராயின் அபு முப்படங்களிலிருந்து பெறப்பட்டது. வெள்ளையரான ஹாங்க் அசாரியா மிகைப்படுத்திய உச்சரிப்புடன் அவருக்குக் குரல் கொடுத்தார். இக்கேலி தெற்காசியக் குழந்தைகளைப் பள்ளிகளில் நகைப்புக்கு உள்ளாக்கியதென ஹரி கொண்டபோலு 2017 இல் ஓர் ஆவணப்படத்தில் எடுத்துரைத்தார். 2020 சனவரியில் அசாரியா அப்பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அதே ஆண்டு சூனில், வெள்ளையரல்லாத கதைமாந்தர்களுக்கு வெள்ளையர் குரல் கொடுக்கமாட்டார்கள் எனத் தயாரிப்பாளர்கள் அறிவித்தனர்.