போக்கிமான் கோ: மூணு பேர் அணியின் முப்பது வருஷக் கதை

போக்கிமான்னு சொன்னா பலருக்கு மஞ்சள் எலியும், 2016ல போனைப் பார்த்துக்கிட்டே ரோட்டுல நடந்த கூட்டமும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கூட்டம் பாதி கலைஞ்ச பிறகுதான், 2018 டிசம்பரில், ஆட்டத்துக்குள்ள உருப்படியான ஒரு விஷயம் நுழைந்தது. ஒரு ஆள் இன்னொரு ஆளோடு நேருக்கு நேர் மோதலாம். மூணு பிராணிகளோடு வரணும். எதிராளி எந்த மூணைக் கொண்டு வருவான்னு தெரியாது. அப்படின்னா எந்த மூணைத் தேர்ந்தெடுப்பது? "சமநிலையான அணி"ன்னு எல்லாரும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிடுவாங்க. அந்த வார்த்தைக்கு அர்த்தம் காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டே வந்திருக்கு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. (தலைப்பில் 'போக்கிமான் கோவில்'ன்னு எழுதினா வேற அர்த்தம் வந்துடும், அதான் முக்காற்புள்ளி :-))

கொஞ்சம் பின்னாடி போகணும். 1996 பிப்ரவரி 27, ஜப்பான். கேம் ஃப்ரீக் என்ற கம்பெனி நின்டென்டோவின் கேம் பாய் கருவிக்காக 'சிவப்பு', 'பச்சை' என்று இரண்டு ஆட்டங்களை வெளியிட்டது. இதை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயசில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். அந்தப் பைத்தியம்தான் ஆட்டத்தின் விதை. 151 பிராணிகள், 15 வகைகள். நெருப்பு புல்லை எரிக்கும், புல் தண்ணீரை உறிஞ்சும், தண்ணீர் நெருப்பை அணைக்கும். நம்ம ஊர் பசங்களுக்கும் தெரிந்த கல், காகிதம், கத்தரி கணக்குதான்.

காகிதத்தில் அழகா இருந்த இந்தக் கணக்கு, ஆட்டத்தில் ஒரு இடத்தில் பல்லிளித்தது. சைக்கிக் என்ற வகை. இதற்கு இரண்டு எதிரிகள்: பூச்சியும் பேயும். பூச்சி வகைக்கு அப்போது சொல்லிக்கொள்ளும்படியான ஒரு தாக்குதல்கூட கிடையாது. பேயின் கதை இன்னும் மோசம். நிரலில் நேர்ந்த பிழையால், சைக்கிக்கை அடிக்க வேண்டிய பேய்த் தாக்குதல் அதன்மேல் படவே படாது. போதாக்குறைக்கு அன்றைக்கு இருந்த பேய்கள் எல்லாமே பாதி விஷ வகை. விஷத்துக்கு சைக்கிக் என்றால் எமன். ஆக பேயோட்ட வந்தவனையே பேய் பிடித்த கதை. அலகஸாம், ஸ்டார்மி, எக்ஸெகுட்டர்னு சைக்கிக் கூட்டமே அரங்கை ஆண்டது. கூடவே டாரோஸ் என்ற மாடு.

ஆட்டத்தை மாற்ற முடியாதபோது விதியை மாற்றலாம் இல்லையா? 1997ல் ஜப்பானில் நடந்த நின்டென்டோ கோப்பை அதைச் செய்தது. ஆறு பிராணிகளோடு வா, அதில் மூணைத் தேர்ந்தெடு. ஒவ்வொன்றும் 50 முதல் 55ஆம் நிலைக்குள் இருக்கணும், மூணின் கூட்டுத்தொகை 155ஐத் தாண்டக்கூடாது. எளிமையான விதிதான், ஆனா எவ்வளவு வேலை செய்யுது பாருங்க. ஆட்டத்திலேயே பலசாலியான மியூட்டூ பிடிபடுவதே 70ஆம் நிலையில். தானாகவே வெளியே போயிடுச்சு. டிராகனைட் வேணுமா? அது 55ஆம் நிலையில்தான் உருமாறும். அப்போ 55 போக மிச்சம் 100, மற்ற இரண்டும் 50ல் நிற்கணும். ஒருத்தனை ஏற்றினால் மற்றவர்களை இறக்கித்தான் ஆகணும். எனக்குத் தெரிந்து இந்த ஆட்டத்தில் 'அணி' என்ற எண்ணத்துக்கு அர்த்தம் கொடுத்தது முதலில் இந்த 155தான். அதுவரை பலசாலிகளை வரிசையாக நிறுத்துவதுதான் அணி. நம்ம கிரிக்கெட் ரசிகர்கள் கனவு லெவன் போடும்போது பதினோரு பேரையும் பேட்ஸ்மேனா போடுவாங்களே, அந்த மாதிரி.

ஆட்டத்தை எழுதியவர்கள் 1999 நவம்பரில் வந்த 'தங்கம்', 'வெள்ளி'யில்தான் ஓட்டையை அடைத்தார்கள். இருள், இரும்பு என்று இரண்டு புது வகை. இருளின் மேல் சைக்கிக் அடி விழவே விழாது, இரும்பு அதைத் தாங்கும். பேயின் பிழையும் சரியானது. உடனே சமநிலை வந்துவிட்டதா என்றால், அதான் இல்லை. ஸ்னார்லாக்ஸ் என்ற தூங்குமூஞ்சி அடுத்த சில வருடங்கள் கோலோச்சியது. பிறகு 2013ல் டிராகன்களை அடக்க தேவதை வகை வந்து 18 ஆனது. ஒன்றை அடக்க ஒன்று, அதை அடக்க இன்னொன்று. வகைப் பட்டியலைத் திருத்தியே சமநிலை கொண்டு வருவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரிதான்.

நடுவில் ஒரு குட்டிக் கதையைச் சொல்லாமல் போக மனசு வரல. 2014ல் வாஷிங்டனில் உலகக் கோப்பை. அங்கே ஒரே நேரத்தில் இரண்டு இரண்டு பிராணிகள் களத்தில் நிற்கும். தென்கொரியாவின் செ ஜுன் பார்க் பச்சிரிசு (நம்ம பச்சரிசி இல்லீங்க) என்ற அணிலைக் கொண்டு வந்து கோப்பையைத் தூக்கினார். பலத்தில் சோப்ளாங்கி அணில். ஆனா எதிராளியின் அடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளத் தெரியும். பக்கத்தில் நிற்கும் கியாரடோஸ் நிம்மதியா தன் வேலையைப் பார்க்கும். தனியா எடைபோட்டால் யாரும் சீண்டாத ஒன்றுக்கு, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதால் மதிப்பு வந்தது.

இப்போ போனுக்கு வருவோம். 2016 ஜூலையில் நியான்டிக் கம்பெனி போக்கிமான் கோவை வெளியிட்டபோது மோதல் என்பது ஜிம்மைப் பிடிப்பது மட்டும்தான். எதிரில் ஆள் இருக்க மாட்டார், அவர் விட்டுப்போன பிராணியை நிரல் ஆட்டுவிக்கும். எங்கே பார்த்தாலும் டிராகனைட் மேல் டிராகனைட் அடுக்கியிருக்கும். 2017 ஜூனில் ஜிம்முக்கு ஆறு இடம், ஒரு இனத்துக்கு ஒன்றுதான் என்று மாற்றினார்கள். அப்படியும் அது அணி இல்லை, வரிசை.

2018 டிசம்பரில் வந்த ஆளுக்கு ஆள் மோதல்தான் எல்லாவற்றையும் புரட்டியது. மூன்று லீக். கிரேட் லீக்கில் ஒவ்வொரு பிராணியின் சி.பி.யும் 1500க்குள், அல்ட்ராவில் 2500க்குள், மாஸ்டரில் வரம்பு இல்லை. கையில் மூணு பிராணி, இரண்டு கேடயம். தட்டிக்கொண்டே இருக்கும் சின்ன அடியில் சக்தி சேரும், சேர்ந்ததும் பெரிய அடி. பொருத்தமான வகை அடித்தால் 1.6 மடங்கு, பொருந்தாவிட்டால் 0.625. களத்தில் இருப்பவரை மாற்றலாம், ஆனால் ஒரு முறை மாற்றினால் அடுத்த மாற்றத்துக்கு 60 விநாடி காத்திருக்கணும் (பின்னாளில் இதைக் குறைத்தார்கள்). அந்தக் காத்திருப்பில்தான் பல ஆட்டங்களின் உயிரே இருக்கு.

இந்த 1500 என்ற எண்ணுக்குள் ஒரு சூட்சுமம் உண்டு. சி.பி.யைக் கணக்கிடும்போது தாக்கும் பலம் அப்படியே பெருக்கப்படும். தாங்கும் பலத்துக்கும் உயிருக்கும் வர்க்கமூலம்தான் எடுப்பார்கள். அதாவது வரம்புக்குள் அடங்கணும்னா, தாக்கும் பலம் உங்கள் ஒதுக்கீட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். தாங்கும் பலம் மலிவு. அதனால் 1500க்குள் ராஜா யார் என்றால், முரட்டு டிராகன் இல்லை, அடி வாங்கி நிற்கும் நோஞ்சான்கள். அஸுமரில் என்ற நீல முயல், ஆல்டாரியா என்ற பஞ்சுப் பறவை, மெடிசாம் என்ற யோகாசனக்காரர். இன்னொரு கூத்து, பிறவிக் குணம் என்று மூன்று எண்கள் இருக்கும், ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. இரண்டு வருடமாக 15-15-15ஐ மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு மிச்சத்தை மிட்டாய்க்காகப் ப்ரொபஸர் வில்லோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது ஊரே. வரம்பு வந்ததும் பார்த்தால், பெரும்பாலும் தாக்கும் பலம் 0, மற்றவை 15 இருப்பதுதான் தங்கம்! தலையில் கை வைத்தவர்கள் எத்தனை பேரோ.

சரி, மூணு பேரை எப்படிச் சேர்ப்பது? ஆரம்பத்தில் எல்லாருக்கும் தோன்றியது முக்கோணம். அஸுமரில் ஆல்டாரியாவை வெல்லும், ஆல்டாரியா வீனசாரை வெல்லும், வீனசார் அஸுமரிலை வெல்லும். மூணையும் நாமே வைத்துக்கொண்டால், எது வந்தாலும் ஒருத்தர் பதில் சொல்லலாமே! பார்க்க ரொம்ப சமநிலை. ஆனா ஸ்கார்மரி என்ற இரும்புப் பறவை வந்து நின்றால் மூணு பேரில் பளிச்சென்று பதில் சொல்ல ஆளில்லை. வீனசாரின் விஷம் இரும்பிடம் எடுபடாது, புல்லும் எடுபடாது. ஆல்டாரியாவின் டிராகன் அடியும் அதேதான். ஒருவரை ஒருவர் வெல்லும் மூணு பேர் வேறு, ஒருவர் பலவீனத்தை ஒருவர் மூடும் மூணு பேர் வேறு. இந்த வித்தியாசம் புரிய ஆட்டக்காரர்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

புரிந்த பிறகு அடுத்த குதி. வேணும்னே சமநிலையைக் கெடுத்தார்கள். இதற்கு ஏ-பி-பி என்று பெயர். முன்னால் ஸ்கார்மரி, பின்னால் ஸ்வாம்பர்ட், விஸ்கேஷ். பின்னால் நிற்கும் இரண்டுமே தண்ணீரும் மண்ணும் கலந்த ஜாதி, இரண்டுக்கும் ஒரே எமன், புல். ஒரே எதிரியிடம் இரண்டு பேர் சாவதா அணின்னு தோணும். ஆட்டம் நடப்பதைப் பாருங்க. ஸ்கார்மரிக்கு எதிரில் மின்சார வகை வந்தது, ஆகாது. விஸ்கேஷை இறக்குகிறோம். எதிராளி சந்தோஷமாக வீனசாரை இறக்குவார். விஸ்கேஷ் விழும், விழட்டும். இப்போ மறுபடி ஸ்கார்மரி. புல் அடி இதன்மேல் இரண்டு மடங்கு மழுங்கும். வீனசார் காலி. கடைசியில் ஸ்வாம்பர்ட் நிற்கிறது, எதிராளியிடம் புல் மிச்சமில்லை. விஸ்கேஷ் வெறும் தூண்டில் புழு.

இதை ஏமாற்று என்று திட்டியவர்கள் உண்டு. சூதாட்டம் என்பார்கள். எதிராளியிடம் இரண்டு புல் இருந்தால் கதை முடிந்தது என்பது உண்மைதான். என் கட்சி என்னன்னா, எதிராளி கையில் என்ன இருக்குன்னு தெரியாத ஆட்டத்தில் இதுவும் நியாயமான கணக்கே. சமநிலை அணி மோசமாகத் தோற்காமல் இருக்கப் பார்க்கிறது. ஏ-பி-பி சில ஆட்டங்களைக் கொடுத்துவிட்டு மற்றதை அள்ளப் பார்க்கிறது.

கம்பெனி போட்டி நடத்தும் முன்பே ரசிகர்கள் நடத்திவிட்டார்கள். 2019 தொடக்கத்தில் சில்ஃப் அரீனா என்ற தன்னார்வ அமைப்பு மாதம் ஒரு கோப்பை அறிவித்தது. ஒரு மாதம் பாறை, இரும்பு, மண், சண்டை வகைகள் மட்டும், அடுத்த மாதம் வேறு நான்கு. ஆறு பேரைக் காட்டு, மூணு பேரோடு மோது. 2020 ஜனவரியில்தான் கம்பெனியின் கோ பேட்டில் லீக் வந்தது. முதலில் 5 கி.மீ. நடந்தால்தான் ஒரு செட் ஆடலாம் என்றார்கள், கொரோனா வந்து அந்த நடையை நிறுத்தியது. வீட்டில் உட்கார்ந்தபடி உலகத்தில் யாரோடும் மோதலாம் என்றானது. சில்ஃப் கூட்டம் 2023ல் கடையை மூடியது. சம்பளம் வாங்காமல் இத்தனை செய்தவர்களுக்கு இந்த ஆட்டம் கடன்பட்டிருக்கு.

ஆனா 2020 கடைசியில் ஒன்று நடந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. 40 வரை இருந்த நிலையை 50 ஆக்கினார்கள். 40லிருந்து 50க்கு ஏற்ற 296 எக்ஸ்.எல். மிட்டாயும் இரண்டரை லட்சம் நட்சத்திரத் தூசும் வேணும். இது மாஸ்டர் லீக் பணக்காரர்கள் பிரச்சினைதானேன்னு முதலில் தோணும். இல்லை. மெடிசாம், சேபிளை மாதிரி நோஞ்சான்கள் 40ஆம் நிலையில் 1500ஐத் தொடவே தொடாது. இப்போ தொடலாம், 296 மிட்டாய் இருந்தால். காட்டில் கிடைக்கும் பிராணியை வைத்து யாரும் ஆடலாம் என்று இருந்த ஒரே லீக்கிலும் பர்ஸும் நேரமும் நுழைந்துவிட்டன. தெருவுக்குத் தெரு போக்கிஸ்டாப் இருக்கும் நகரத்து ஆளும், ஊருக்கே ஒன்றுதான் என்று இருக்கும் பையனும் ஒரே 1500க்குள் நின்றாலும் ஒரே ஆட்டம் ஆடவில்லை. 1997ன் 155 வசதிக்காரனையும் அடக்கியது. இந்த 1500 பாதிதான் அடக்குது.

2022 ஆகஸ்டில் லண்டனில் நடந்த உலகக் கோப்பையில் போக்கிமான் கோவுக்கும் முதல்முறையாக இடம் கிடைத்தது. ஜெர்மனியின் டான்சிங்ராப் (புனைபெயர்தான்) ஜெயித்தார். விதி என்ன தெரியுமா? கிரேட் லீக், ஆறு பேரோடு வா, மூணைத் தேர்ந்தெடு. 1997க்கே திரும்பிப் போயாச்சு! ஆறு பேரையும் எதிராளி முன்கூட்டியே பார்க்கிறார். தூண்டில் புழு வித்தை இங்கே அப்படியே பலிக்காது, விஸ்கேஷையும் ஸ்வாம்பர்ட்டையும் சேர்த்துப் பார்த்தவுடனே எதிராளி உஷாராகிவிடுவார். அதையே பொறியாக்கி, இரண்டையும் காட்டிவிட்டு ஒன்றைக்கூட எடுக்காமல் வருபவரும் உண்டு. எதிராளி புல்லோடு வந்து பேந்தப் பேந்த முழிப்பார். ஆக இப்போ அணி என்பது மூணு பேர் இல்லை. ஆறுக்குள் ஒளிந்திருக்கும் இருபது மூவர் கூட்டணிகள், அதில் எது வரும்னு எதிராளியைக் குழப்புவது.

இந்தியாவுக்கு இந்த ஆட்டம் வந்தது 2016 டிசம்பரில், ஜியோவோடு கைகோர்த்து. ரிலையன்ஸ் கடைகளையே போக்கிஸ்டாப் ஆக்கினார்கள். சீக்கிரமே நம்ம ஆட்களுக்குச் சலித்துவிட்டது, செய்தித்தாள்களும் மறந்துவிட்டன. 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த உலகக் கோப்பையில் போக்கிமான் கோ சாம்பியன் ஆனவர் பீல்ஸ்பாய் என்ற பெயரில் ஆடும் வேத் பம்ப். இந்தியாக்காரர். அன்றைக்கு நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்னு கேட்டுச் சொல்லுங்க.