விழுந்த ஆலமரமும் நான் பதில் சொல்லாத கேள்வியும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன ஞாயிறு தெற்கு மாட வீதியில் சம்பங்கிக் கொத்து வாங்கினேன். அதில் ஒரு காம்பைச் சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்திப் பேத்திக்குக் காட்டினேன். சாயங்காலத்துக்குள் பூ இளஞ்சிவப்பாகிவிட்டது. "பாட்டி, இதை யாரு மேல தூக்கினா?" என்றாள். எனக்குச் சட்டென்று 1990 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்குள்ள ஆலமரத்துக்கு வயது 450 இருக்கும் என்பார்கள். முந்தைய வருஷம், 1989இல், புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. நடுவே வெற்றிடம், சுற்றிலும் விழுதுகளின் மேல் பச்சைப்பசேலென்று இலைகள். நான் புத்தகத்தில் இருந்தபடி, "வேர் தண்ணீரை அழுத்தி மேலே தள்ளுகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "வேர் அவ்வளவு பலமா தள்ளுதுன்னா, மரத்தை வெட்டினா தண்ணி பீய்ச்சி அடிக்கணுமே டீச்சர்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, வரிசையில் நில்" என்றேன். பையன் முகம் சுருங்கிப்போனது. ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன்.

அவன் கேட்டதை 1720களிலேயே ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் சோதித்துப் பார்த்திருக்கிறார். திராட்சைக் கொடியை வெட்டி, அடிக்கட்டையில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். சாறு 21 அடி வரை ஏறியது! ஆக, பீய்ச்சும் செடியும் உண்டு. ஆனால் அது வசந்த காலத்தில், இலை துளிர்க்கும் முன்புதான். இலை நிறைந்த மரத்தில் வெயில் நேரத்தில் அந்த அழுத்தம் இருப்பதே இல்லை எனலாம். (ஆலமரத்தை வெட்டினால் வடிவது பால். அது போகும் குழாய் வேறு.) ஹேல்ஸ் தொட்டியோடு சூரியகாந்திச் செடியைத் தினமும் எடை போட்டு, இலை வழியே எவ்வளவு நீர் போகிறது என்றும் கணக்கெடுத்தார். 1727இல் புத்தகமாக வெளியிட்டார்.

நுண்புழை ஏற்றம் என்றும் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அகலமுள்ள குழாயில் தண்ணீர் தானாக முக்கால் மீட்டர்தான் ஏறும். நம் தெருத் தென்னைக்கு அது எந்த மூலைக்கு?

1891 வாக்கில் ஜெர்மனியின் பான் நகரில் ஸ்ட்ராஸ்பர்கர் ஒரு காரியம் செய்தார். சுமார் 70 அடி ஓக் மரத்தை அடியோடு அறுத்து, பிக்ரிக் அமிலத் தொட்டியில் நிறுத்தினார். அமிலம் தண்டின் உயிரணுக்களைக் கொன்றுகொண்டே உச்சி வரை ஏறியது. வேரும் இல்லை, தண்டில் உயிரும் இல்லை. பிறகு தூக்கியது யார்?

டப்ளினைச் சேர்ந்த டிக்ஸனும் ஜோலியும் 1894இல் பதில் சொன்னார்கள். தூக்குவது இலை. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, சைலம் குழாயில் உள்ள தண்ணீர் அறுபடாத கயிறு போல மேலே இழுபடுகிறது. நீர்த்துளிகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்கின்றன. கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரிதான், இழுக்கும் ஆள் வெயில். மரம் இதற்குச் சாப்பாடு எதுவும் செலவழிப்பதில்லை.

நம்மவர் ஒருவர் இதை ஏற்கவில்லை. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ். தொழுகண்ணிச் செடியின் தண்டில் மின்முனையை மெல்லச் செருகி, புறணியின் உள்ளடுக்கில் உள்ள உயிரணுக்கள் இதயம் போலத் துடிக்கின்றன, அவைதான் தண்ணீரை ஏற்றுகின்றன என்றார். 1923இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். பெருமைக்குரிய மனிதர், கருவிகள் செய்வதில் மேதை. ஆனாலும் பட்டையை வளையமாக உரித்து அந்த அணுக்களை நீக்கினாலும் இலை வாடுவதில்லையே! ஸ்ட்ராஸ்பர்கரின் ஓக் மரமும் அவருக்கு எதிர்சாட்சி. நம் ஊர்க்காரர் என்பதற்காக மதிப்பெண் போட முடியாது. பிளஸ் ஒன் பிள்ளைகள் அவர் பெயரைக் கோட்பாடுகளில் ஒன்றாக இன்றும் படிக்கிறார்கள், எது நிலைத்தது என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது.

இழுவிசையை நேரில் அளக்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஷோலாண்டர் என்பவர் அமெரிக்காவின் உயரமான மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி, அழுத்தக் கலத்தில் வைத்து அளந்தார். உயரம் கூடக்கூட இழுவிசையும் கூடியது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. கயிற்றின் நடுவே காற்றுக்குமிழி புகுந்தால் அந்தக் குழாய் வேலை செய்யாது. கடையில் வாங்கிய பூங்கொத்து சீக்கிரம் வாடுவதற்கு அது ஒரு காரணம். காம்பின் நுனியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து மறுபடி நறுக்குங்கள், இரண்டு நாள் கூட நிற்கும்.

ஆக, அடையாறு ஆலமரத்துக்கு வருவோம். தாய்மரம் போனாலும் விழுது ஒவ்வொன்றும் மண்ணைத் தொட்டு, வேர்விட்டு, தனக்கென்று சைலம் வைத்திருக்கிறது. மேலே இலைகள் இழுக்கின்றன, கீழே பக்கத்து விழுது கொடுக்கிறது. ஒரு காலத்தில் நடுமரத்திலிருந்து வெளிப்பக்கமாகப் போன தண்ணீர் இன்று அதே கிளையில் எதிர்த்திசையிலும் போகலாம், குழாய்க்குத் திசை கிடையாது.

அன்று வரிசையில் போய் நின்ற தம்பி, உனக்கு இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பெயரை இங்கே எழுதவில்லை, உனக்கே தெரியும். நீ கேட்டது சரியான கேள்வி, டீச்சர்தான் தப்பு. இதைப் படித்தால் இன்பாக்ஸில் ஒரு வரி போடு. பேத்தியை அடுத்த மாதம் அந்த மரத்தடிக்கு அழைத்துப் போகிறேன், முடிந்தால் நீயும் வா.