பந்தைப் பங்கிடும் கலை: ஜானி ஹெய்ன்ஸும் இங்கிலாந்துக் கால்பந்தும், 1950–1966

கால்பந்தாட்டத்தின் சரித்திரத்தை எழுதுவோர் கோல் போட்டவர்களையும் கோப்பை வென்றவர்களையும் முன்னிறுத்தியே எழுதிவருவது வழக்கமாதலால், பிறர் கோல் போடுவதற்கு வேண்டிய பந்தைத் தக்க தருணத்தில் தக்க இடத்துக்கு அனுப்பிவைப்பதையே தம் தொழிலாகக் கொண்ட ஆட்டக்காரர்களுக்கு அச்சரித்திரத்தில் உரிய ஸ்தானம் கிடைப்பது அரிதாகவே இருக்கிறது. இங்கிலாந்தின் ஜானி ஹெய்ன்ஸ் அவ்வாறு பின்தள்ளப்பட்டவர்களுள் தலையாயவர். தேசிய அணிக்காக 56 ஆட்டங்கள் ஆடி, அவற்றுள் 22இல் தலைமையும் வகித்த அவரை, 1966ஆம் ஆண்டின் உலகக் கோப்பை வெற்றி அடுத்த தலைமுறையின் ஞாபகத்திலிருந்து ஏறக்குறைய அகற்றிவிட்டது. ஆயினும், முன்னணி வரிசையில் ஒருவராக இருந்த 'இன்சைட்' ஆட்டக்காரர் நடுக்களத்தில் நின்று முழு ஆட்டத்தையும் அமைத்துக் கொடுப்பவராக மாறிய பரிணாமம் இங்கிலாந்தில் அவர் மூலமாகவே பூர்த்தி பெற்றது என்பது என் துணிபு.

அந்தப் பரிணாமத்தின் ஆரம்பம் 1925இல் 'ஆஃப்சைடு' விதி திருத்தப்பட்டதில் இருக்கிறது. தாக்க வருபவனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டுமென்ற நிபந்தனை இருவராகக் குறைக்கப்படவே கோல்கள் பெருகின. பெருகவே, அதுவரை நடுக்களத்தின் அதிபதியாக இருந்த சென்டர் ஹாஃப் தற்காப்பு வரிசைக்குப் பின்வாங்கினார். அவர் விட்டுச் சென்ற வெற்றிடத்தை நிரப்ப இன்சைட் ஆட்டக்காரர்கள் இருவரும் கீழிறங்கி வர வேண்டியதாயிற்று. ஹெர்பர்ட் சாப்மனின் ஆர்சனல் அணியில் 1929இல் சேர்ந்த ஸ்காட்லாந்தினர் அலெக்ஸ் ஜேம்ஸ் இந்த வேலையை ஒரு கலையாகவே வளர்த்தார். எனினும் இங்கிலாந்து அணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் வெகுகாலம் விங்கர்களின் சாகசத்திலும் சென்டர் ஃபார்வர்டின் பலத்திலும் நம்பிக்கை வைத்திருந்தார்களேயன்றி, நடுவில் நின்று சிந்திப்பவனை அணியின் ஆதாரமாகக் கருதினார்களில்லை. 1953 நவம்பரில் ஹங்கேரி வெம்ப்ளி மைதானத்துக்கே வந்து 6-3 என்று வென்று சென்ற பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது.

அப்போது ஹெய்ன்ஸுக்கு வயது 19. லண்டன் கென்டிஷ் டவுனில் 1934 அக்டோபர் 17ஆம் தேதி பிறந்த அவர், 1950இல் பள்ளிச் சிறுவர்களின் இங்கிலாந்து அணி வெம்ப்ளியில் ஸ்காட்லாந்தை 8-2 என்று வென்றபோதே பலர் கவனத்தைக் கவர்ந்தவர். பெரிய சங்கங்களுக்குப் போயிருக்கக்கூடியவர், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிரேவன் காட்டேஜைத் தன் மைதானமாகக் கொண்ட ஃபுல்ஹாம் சங்கத்தில் சேர்ந்தார். சிறுவர் அணி நண்பர் டாஷ் சேம்பர்லேன் அங்கே இருந்தது அதற்கு ஒரு காரணம். 1952 டிசம்பர் 26ஆம் தேதி சவுத்தாம்ப்டனுக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடியவர், 1970 வரை அச்சங்கத்தை விட்டு நீங்காமல் 658 ஆட்டங்கள் ஆடினார்.

அவருடைய வித்தையின் விசேஷம் என்ன? வேகத்தில் அவரை மிஞ்சியவர்கள் பலர். தலையால் முட்டி ஆடுவதிலும் அவர் பிரசித்தி பெற்றவரல்லர். இரண்டு கால்களாலும் ஒரே நுட்பத்துடன் பந்தை அனுப்பும் ஆற்றலும், பந்து தம்மிடம் வருவதற்கு முன்னரே களத்தின் முழு நிலைமையையும் மனத்தில் வாங்கிக்கொள்ளும் தீட்சண்யமும் அவருடைய மூலதனங்கள். நாற்பது கஜத்துக்கு அப்பால், எதிரணித் தற்காப்பாளனின் முதுகுக்குப் பின்னே, ஓடி வருகின்ற சகா தன் நடையின் வேகத்தைச் சிறிதும் தளர்த்தாமல் எடுத்துக்கொள்ளுமாறு பந்து போய் விழும். அந்தச் சகா அங்கே ஓடத் தவறினால், ஹெய்ன்ஸ் இடுப்பில் கைகளை ஊன்றி நின்று தம் அதிருப்தியை ஆயிரக்கணக்கானோர் காணும்படி வெளியிடுவார். இதைக் கர்வமென்று பழித்தவர்கள் உண்டு. தாம் கண்டதைப் பிறர் காணவில்லையே என்ற ஆற்றாமையென்றே எனக்குத் தோன்றுகிறது.

1954 அக்டோபரில், பெல்ஃபாஸ்ட் நகரில் வட அயர்லாந்துக்கு எதிராக, இரண்டாம் டிவிஷனில் இருந்த சங்கத்தின் ஆட்டக்காரராகவே அவர் இங்கிலாந்துக்கு முதன்முறை ஆடி, கோலும் போட்டார். 1958 ஜூனில் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்தை வெளியேற்றிய சோவியத் அணியை, அதே ஆண்டு அக்டோபரில் வெம்ப்ளியில் 5-0 என்று வென்றபோது மூன்று கோல்கள் அவருடையவை. 1960இல் தலைமைப் பதவி ரோனி கிளேட்டனிடமிருந்து அவருக்கு வந்தது. பயிற்சியாளர் வால்டர் விண்டர்பாட்டம் நால்வர் பின்னும் நால்வர் முன்னும் நிற்க, நடுவே இருவரை மட்டும் நிறுத்தும் 4-2-4 முறையைக் கையாண்டார். அவ்விருவர் பாபி ராப்சனும் ஹெய்ன்ஸும். இதன் பலன் பிரமிக்கத்தக்கது. 1960 அக்டோபர் முதல் 1961 மே வரை தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் இங்கிலாந்து 40 கோல்கள் அடித்தது. 1961 ஏப்ரல் 15ஆம் தேதி ஸ்காட்லாந்தை 9-3 என்று வென்றபோது ஹெய்ன்ஸ் இரண்டு கோல்கள் போட்டார். ஆட்டம் முடிந்ததும் சகாக்கள் அவரைத் தோளில் தூக்கிச் சென்றனர்.

அதே ஆண்டு ஜனவரியில் வேறொரு மாறுதலும் நிகழ்ந்திருந்தது. 1901இல் வாரத்துக்கு 4 பவுன் என்று விதிக்கப்பட்டு, பின்னர் 20 பவுன் வரை உயர்ந்திருந்த உச்சவரம்புச் சம்பளம், ஃபுல்ஹாமில் ஹெய்ன்ஸின் சகாவாயிருந்த ஜிம்மி ஹில் தலைமையிலான ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானதன் விளைவாக ரத்தாயிற்று. ஃபுல்ஹாமின் தலைவரும் ஹாஸ்ய நடிகருமான டாமி ட்ரிண்டர், வரம்பு மட்டும் இல்லையானால் ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுன் கொடுப்பேன் என்று பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். அந்த முதல் நூறு பவுன், பந்தைப் பிறருக்குக் கொடுப்பதையே பிரதானமாகக் கொண்ட ஒருவருக்குப் போயிற்று என்பதைச் சரித்திரக்காரர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

ஆனால் ஒரே மதகின் வழியாக ஊர் வயல்களுக்கெல்லாம் நீர் பாயும்போது அந்த மதகை அடைத்தால் போதும் என்பதை எதிரணிகள் விரைவில் கண்டுகொண்டன. 1962இல் சிலியில் நடந்த உலகக் கோப்பைக்குச் சென்ற அணியில் ராப்சன் காயத்தால் ஆட முடியாமற்போக, அவர் இடத்தில் இளைஞர் பாபி மூர் இறங்கினார். ஹெய்ன்ஸின் பாரத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த கூட்டு அத்துடன் கலைந்தது. ஹங்கேரியிடம் 2-1 என்று தோல்வி, அர்ஜென்டினாவின் மேல் 3-1 என்று வெற்றி, பல்கேரியாவுடன் கோலில்லாத ஆட்டம், ஜூன் 10ஆம் தேதி விஞா டெல் மாரில் பிரேசிலிடம் 3-1 என்று முடிவு. அதுவே அவர் இங்கிலாந்துக்காக ஆடிய கடைசி ஆட்டமாகவும் ஆயிற்று.

ஏனெனில் அதே ஆண்டு ஆகஸ்டில் பிளாக்பூல் நகரில் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய கால் எலும்புகள் முறிந்து, முழங்காலும் பலமாகச் சேதமுற்றது. வயது அப்போது 27; இத்தகைய ஆட்டக்காரனின் அறிவு முதிரத் தொடங்கும் பருவம். மீண்டு வந்து ஃபுல்ஹாமுக்கு மேலும் பல ஆண்டுகள் ஆடினார். டாட்டன்ஹாம் சங்கத்தின் ஆட்டக்காரர் ஜான் வைட் 1964இல் மின்னல் தாக்கி மாண்டபின் அச்சங்கம் ஹெய்ன்ஸை நாடியும் அவர் போகவில்லை. 1968, 1969 ஆண்டுகளில் தம் சங்கம் அடுத்தடுத்து இரண்டு டிவிஷன்கள் கீழிறங்கியதையும் உள்ளிருந்தே அனுபவித்தார். பின்னர் தென்னாப்பிரிக்காவில் டர்பன் சிட்டிக்கு ஆடி, எடின்பரோவில் வாழ்ந்து, 2005இல் தம் எழுபத்தோராவது பிறந்தநாளில் கார் ஓட்டிச் செல்கையில் நேர்ந்த விபத்தையடுத்து மறுநாள் காலமானார்.

விண்டர்பாட்டத்துக்குப் பின் பொறுப்பேற்ற ஆல்ஃப் ராம்சி, ஹெய்ன்ஸ் வகித்த ஸ்தானத்துக்கு அவரைப் போன்ற மற்றொருவரைத் தேடவில்லை. அந்த ஒரே கடமையைப் பலருக்குப் பிரித்தார்: பாபி சார்ல்டனை விங்கிலிருந்து நடுவுக்குக் கொணர்ந்தார், அவருக்குப் பின்னே காவலாக நாபி ஸ்டைல்ஸை நிறுத்தினார், இருபுறமும் ஆலன் பாலும் மார்ட்டின் பீட்டர்ஸும் ஓய்வின்றி ஓடினார்கள், பின்வரிசையிலிருந்து மூர் நீண்ட பந்துகளை அனுப்பினார். ஹெய்ன்ஸின் ஃபுல்ஹாம் சகா ஜார்ஜ் கோஹன் அந்த அணியில் ரைட் பேக்காக ஆடி உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார். ஆனால் ஹெய்ன்ஸின் வழியில் பந்தை நயமாகப் பங்கிடும் ஆட்டக்காரரான ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம், 1966இன் இருபத்திருவரில் ஒருவராக இடம் பெற்றிருந்தும், அந்தப் போட்டியில் ஒரு நிமிஷமும் களத்தில் இறங்கவில்லை.